வந்தவர்களையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் அனுப்பிய டொலர் எவ்வளவு என்று இலங்கை மத்திய வங்கி மாதாமாதம் சொல்லிவிடுகிறது. 2024இல் 650 கோடிக்கும் மேல். போகிறவர்களின் கணக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் இருக்கிறது, 2022இல் மட்டும் 3 லட்சம் பேருக்கு மேல் பதிந்து போனார்கள். சரி, திரும்பி வந்தவர்கள்? விமான நிலையத்தில் குத்துகிற முத்திரை லீவில் வந்தவருக்கும் ஒரேயடியாக வந்தவருக்கும் ஒன்றுதான். விசிட் விசாவில் போனவர்களோ போன கணக்கிலேயே இல்லை, பிறகு வந்த கணக்கில் எப்படி வருவார்கள்?

எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா இருக்கிறார். குவைத்தில் படுக்கையோடு கிடந்த ஒரு கிழவியை வருடக்கணக்காகப் பார்த்தவர், சீனி வருத்தத்துக்கு ஊசி போடுவது, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் கைவந்த வேலை, அரபு தண்ணீர் மாதிரிப் பேசுவார். திரும்பி வந்ததும் உதவி என்று கிடைத்தது ஒரு தையல் மிஷின். அவருக்கு ஊசியில் நூல் கோர்க்கவே கண் தெரியாது! கொடுத்தவர்களைக் குறை சொல்லி என்ன, அவர் என்ன தெரிந்துகொண்டு வந்திருக்கிறார் என்று கேட்க அவர்களிடம் ஒரு படிவம் இருந்தால்தானே.

வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணிடம் 2013இல் தொடங்கிக் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டு வந்தார்கள், பிள்ளைகள் எத்தனை, என்ன வயது, யார் பார்ப்பது என்று துருவித் துருவி. அதே பெண் திரும்பி வந்தால் படலையடிக்கு ஒருவரும் வருவதில்லை. நாடு திரும்புவோருக்கென்று 2015இலேயே ஒரு கொள்கை எழுதியாகிவிட்டது, ஆள்தொகை தெரியாமல் அதை வைத்து என்ன திட்டம் போடுவது? எண்ணப்படாமல் கிடப்பது எங்களுக்குப் புதிதில்லைதான், 1981க்குப் பிறகு மட்டக்களப்பில் குடிசன மதிப்பு முழுதாக நடந்தது 2012இல்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெயர் விபரம் கேட்டு யாராவது வந்தாலே இங்கே சனம் பயப்படும், யுத்த காலத்தில் பதிவு என்ற பேரில் பட்டது அப்படி. வெளிநாடு போய் வந்த பெண்ணென்றால் ஊர்வாயும் சேர்ந்துகொள்ளும். அதனால் பெயர்கள் பிரதேச செயலகத்தைத் தாண்டக் கூடாது, வெளியே வருவது எண்கள் மட்டும்தான், பெண்களிடம் பெண் உத்தியோகத்தரே பேச வேண்டும். இந்த உறுதி இல்லாமல் படிவத்தை நீட்டினால் பாதிப்பேர் 'நான் எங்கேயும் போகவில்லை' என்று சொல்லிவிடுவார்கள், அந்தக் கணக்கு குப்பைக்குத்தான்.

பெரிய செலவும் இல்லை. வாக்காளர் இடாப்பைத் திருத்துகிற நேரத்தில் கிராம சேவகர் மூன்று கேள்வி கூடக் கேட்டால் போதும்: எப்போது வந்தீர்கள், அங்கே என்ன வேலை, இனிப் போகிற எண்ணம் உண்டா.

அடுத்த மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எங்கள் எம்.பி.மாரில் ஒருவராவது வாழைச்சேனை, ஏறாவூர், வாகரை என்று பிரிவு பிரிவாக இந்த எண்ணைக் கேட்கட்டும். கையில் இல்லை என்றால், எந்தத் திகதிக்குள் எடுத்துத் தருவீர்கள் என்றும் கேட்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வாழைச்சேனை.