அந்நியபாஷை சபைக்கு நுழைவுச்சீட்டு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பரிசுத்த ஆவியின் ஏவுதலால் தான் கற்காத மொழியில் பேசுவதை அந்நியபாஷை என்கிறோம். அதைப் பேசாதவர் ஆவியைப் பெறாதவர், ஆகவே சபையில் முழுப் பங்கு இல்லாதவர் என்று கற்பிக்கும் சபைகள் நம்மிடையே உண்டு. ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கு வருகிறவர்கள்கூட இதனால் மனம் குன்றிப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ‘ஆதிசபையில் அப்படித்தான் இருந்தது’ என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். ஆதிசபையில், அதிலும் ஆவியின் வரங்கள் பெருகிக் கிடந்த கிரேக்க நகரமான கொரிந்துவில், நடந்தது வேறு.

கி.மு. 146இல் ரோமானியர் இடித்துத் தள்ளிய ஊர் கொரிந்து. கி.மு. 44இல் யூலியஸ் சீசர் அதை மறுபடி எழுப்பியபோது குடியேறியவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். கிழக்கிலும் மேற்கிலும் துறைமுகம், நல்ல வியாபாரம். பணமும் பேச்சுத்திறமையும் இருந்தால் மேலே வந்துவிடலாம். அப்போஸ்தலனாகிய பவுல் அங்கே ஒன்றரை ஆண்டு தங்கிச் சபையை நாட்டினார். பின்பு 50களின் நடுவில் எபேசுவிலிருந்து அவர்களுக்குக் கடிதம் எழுதினார். அதுவே 1 கொரிந்தியர்.

அன்று சபைக்கென்று கட்டடம் கிடையாது, வசதியுள்ள ஒருவருடைய வீட்டில்தான் கூடுவார்கள். ரோமானிய வீட்டின் சாப்பாட்டு அறையில் வழக்கமாக மூன்று சாய்வுக்கட்டில்கள் இருக்கும். கட்டிலுக்கு மூவர் என்று கணக்கிட்டால் ஒன்பது பேர். மற்றவர்களுக்கு முற்றம்தான் மிஞ்சியிருக்கும். நாள் முழுதும் உழைத்துவிட்டு நேரம் கழித்து வரும் அடிமை என்ன பாடுபட்டிருப்பான் என்று ஊகிப்பது கடினமல்ல. 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தில் பவுல் கோபப்படுவது இந்தப் பந்தியைப் பார்த்துத்தான்: ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் குடித்து வெறித்திருக்கிறான். ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்கிறார்.

இந்த அதிகாரத்தைத் திருவிருந்துக்கும், 12 முதல் 14 வரையுள்ளவற்றை எழுப்புதல் கூட்டத்துக்கும் என்று நாம் பிரித்துவைத்துப் பிரசங்கிக்கிறோம். தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. கூடியது அதே சபை, நோயும் ஒன்றே. முந்திக்கொண்டு சாப்பிட்டது போலவே முந்திக்கொண்டு பேசினார்கள். அதனால்தான் வரங்களை வரிசைப்படுத்தியவுடனே, யூதரோ கிரேக்கரோ, அடிமையோ சுயாதீனனோ, எல்லாரும் ஒரே ஆவியினால் ஒரே சரீரத்துக்குள் ஞானஸ்நானம் பெற்றோம் என்று 12:13இல் எழுதுகிறார். சரீரத்துக்குள் சேர்வது எல்லாருக்கும் பொது. வரம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. 12:30இல் ‘எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்ற ஒரே பதிலைத்தான் அவர் எதிர்பார்க்கிறார்.

சபையைச் சரீரமாகவும் மக்களை அதன் அவயவங்களாகவும் காட்டும் இந்த உவமை அன்றைக்கே பழையது. கி.மு. 494இல் ரோமில் எளிய மக்கள் நகரத்தை விட்டு வெளியேறியபோது, பிரபுக்கள் அனுப்பிய மெனேனியஸ் அக்ரிப்பா இதே உவமையைச் சொல்லி அவர்களைத் திரும்ப அழைத்தார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருக்கிறார். அதில் வயிறு பிரபுக்கள். கைகால்கள் அதற்கு உழைத்துப் போட வேண்டும். பவுல் அதைத் தலைகீழாக்கிவிட்டார். பலவீனமாகத் தெரியும் அவயவமே அதிக அவசியம், கனம் குறைந்ததற்கே அதிகக் கனம் என்றார்.

14ஆம் அதிகாரம் நடைமுறை ஒழுங்கு. அந்நியபாஷை பேசுகிறவர்கள் இருவர், மிஞ்சினால் மூவர். ஒருவர் முடித்தபின் அடுத்தவர், அர்த்தம் சொல்ல ஒருவர். அர்த்தம் சொல்ல ஆளில்லையா, சபையில் பேசாமல் தனக்கும் தேவனுக்கும் மட்டும் தெரியப் பேசிக்கொள்ள வேண்டும். தீர்க்கதரிசனத்துக்கும் இரண்டு மூன்று பேர்தான், மற்றவர்கள் கேட்டு நிதானிக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு வெளிப்பாடு வந்தால் பேசிக்கொண்டிருப்பவர் நிறுத்திவிட வேண்டும். ஒரே நேரத்தில் பலர் சத்தமிட்டால் நிதானிக்க யார் இருப்பார்கள்?

இந்த ஒழுங்குக்கெல்லாம் பின்னால் 14:16 இருக்கிறது: நீ சொல்லும் ஸ்தோத்திரம் புரியாதவன் அதற்கு எப்படி ஆமென் சொல்லுவான்? அடிமையும் எழுத்தறியாதவளும் அந்த ஜெபத்தில் பங்குபெறுவது அந்த ஆமெனில்தான். ஏறக்குறைய நூறு ஆண்டு கழித்து ரோமிலிருந்து யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ அறிஞர் ஞாயிறு ஆராதனையை விவரிக்கும்போதும், ஜெபத்தின் முடிவில் மக்கள் எல்லாரும் ஆமென் சொல்வதை மறக்காமல் குறிப்பிடுகிறார். வரமுடியாதவர்களுக்கு அப்பத்தையும் ரசத்தையும் உதவிக்காரர்கள் வீட்டுக்கே கொண்டுபோனார்கள் என்றும் சொல்கிறார்.

செசரியாவில் யூதரல்லாத ரோமப் படை அதிகாரி கொர்நேலியுவின் வீட்டார் பாஷைகளைப் பேசினார்களே என்று கேட்பார்கள். பேசினார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதைக் கண்ட பேதுரு, இவர்களுக்கு ஞானஸ்நானத் தண்ணீரை யார் விலக்கலாம் என்றுதான் கேட்டார். அன்று புறஜாதியாருக்குக் கதவைத் திறந்த அடையாளத்தை வைத்து இன்று கதவைச் சாத்துகிறோம். எருசலேமில் ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் சேர்க்கப்பட்ட ஏறக்குறைய மூவாயிரம் பேரும் பாஷை பேசியதாக அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வரிகூட இல்லை. வார்த்தையை ஏற்று ஞானஸ்நானம் பெற்றார்கள், அப்பம் பிட்டார்கள் என்றே இருக்கிறது.

பவுல் அந்நியபாஷைக்கு விரோதி அல்ல; உங்கள் எல்லாரையும்விட நான் அதிகமாய்ப் பேசுகிறேன் என்கிறார், தடைசெய்யாதிருங்கள் என்கிறார். ஆனால் பின்னர் கொரிந்துவில் தங்கியிருந்தபோது அவர் எழுதியதாகக் கருதப்படும் ரோமர் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் ஏழு வரங்கள் இருக்கின்றன, அந்நியபாஷை அதில் இல்லை. ஊழியம் உண்டு, பகிர்ந்துகொடுத்தல் உண்டு, இரக்கம்செய்தல் உண்டு. ஆராதனைக்கு முன் பாய் விரிக்கும் சகோதரிக்கும், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கும் வாலிபனுக்கும் ‘இன்னும் வரம் வரவில்லை’ என்று சொல்லும் போதகர்கள் அந்தப் பட்டியலைச் சபையாருக்கு வாசித்துக் காட்டட்டும்.

திருவிருந்துக்கோ, பாடகர் குழுவுக்கோ, ஞாயிறு பள்ளி ஆசிரியர் பொறுப்புக்கோ அந்நியபாஷையை நிபந்தனையாக வைத்திருக்கும் சபைகள் அதை நீக்கிவிட வேண்டும். கூட்டங்களில் இருவர் மூவர் என்ற வரம்பும், அர்த்தம் சொல்பவர் இல்லாவிட்டால் மௌனம் என்ற விதியும் உடனே நடைமுறைக்கு வர வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம், 14ஆம் அதிகாரத்தின் 27, 28ஆம் வசனங்களே போதும்.

இப்படிக்கு,
வேதாகம வகுப்பு ஆசிரியர்,
பாளையங்கோட்டை