கிருமித்தொற்றிலிருந்து மீண்ட குழந்தையை மூன்றாம் மாதத்தில் திரும்பக் கூப்பிடுங்கள்

தமிழ்நாடு மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறையினருக்கு,

வணக்கம். நான் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொள்ள, ஒரு கை இறுக மூடியபடி, ஒன்றரை வயதில் குழந்தைகள் என்னிடம் வருகிறார்கள். "ஆம்பளப் பிள்ளை மெதுவாத்தான் நடக்கும்னு வீட்டுல சொன்னாங்க" என்பார் அம்மா. ஃபைலைப் புரட்டினால் குறைப்பிரசவம், இன்குபேட்டர், செப்சிஸ் என்கிற ரத்தக் கிருமித்தொற்று எல்லாம் இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசியில் எடை, தடுப்பூசித் தேதி, இரும்புச்சத்துச் சொட்டு மருந்து. மூளை வளர்ச்சியைப் பார்க்க எப்போது வரவேண்டும் என்று ஒரு வரி இருக்காது.

ரத்தத்தில் கலந்த கிருமியை ஆன்டிபயாட்டிக் அழித்துவிடும். ஆனால் அந்தக் கிருமியோடு போராட உடல் கிளப்பும் அழற்சி மூளைக்குள்ளும் எட்டும். அங்கே மைக்ரோக்லியா என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் உண்டு. வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கழித்து மூளையைச் சீராக வளரவிடுவதில் இவற்றுக்குப் பெரிய பங்கு. அழற்சி மிஞ்சினால் இவையே பக்கத்திலிருக்கும் செல்களைக் காயப்படுத்தும். ஏழாம் மாதத்தையொட்டிப் பிறந்த குழந்தைக்கு, நரம்பிழைகளுக்கு மயலின் உறை போடவேண்டிய செல்கள் அப்போதுதான் முதிர்ந்துகொண்டிருக்கும். அடி அவற்றின் மேல் விழுகிறது. கால்களுக்கான நரம்புப் பாதை மூளையின் நீர் அறைகளை ஒட்டியே இறங்குவதால், பெரும்பாலும் கால்கள்தான் அதிகம் இறுகுகின்றன.

அமெரிக்காவில் ஒரு கிலோ எடைகூட இல்லாமல் பிறந்த 6,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2004-ல் வெளியானது. பிறந்த புதிதில் தொற்று வந்தவர்களிடம், இப்படிக் கை கால் இறுகிப்போகும் மூளை முடக்குவாதமும் அறிவு வளர்ச்சிக் குறைவும் தெளிவாகவே அதிகம் இருந்தன. தொற்று வந்த எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. பலர் நன்றாகவே வளர்கிறார்கள். யாருக்கு உதவி தேவை என்று தேடிப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

தேட ஸ்கேன் மெஷின்கூட வேண்டாம். குழந்தை பிறந்த நாளிலிருந்து அல்ல, டாக்டர் முதலில் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து கணக்கிட்டு மூன்றாம் மாதத்தில், விழித்திருக்கும் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்துச் சில நிமிடம் செல்போனில் வீடியோ எடுத்தால் போதும். அந்த வயதில் கை, கால், கழுத்தெல்லாம் சின்னச் சின்னதாக இடைவிடாமல் அசையவேண்டும். அந்த அசைவு இல்லையென்றால், பயிற்சி பெற்றவர் பார்த்து உடனே கவனிக்கச் சொல்வார். நடக்கட்டும் என்று காத்திருந்தால், மூளை வேகமாகக் கற்கும் ஒரு வருடம் வீணாகப் போய்விடும்.

குழந்தைகளின் குறைபாடுகளைத் தேடிக் கண்டறியும் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 2013-லிருந்து இருக்கிறது. சிகிச்சை தர மாவட்ட இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. கர்ப்பத்தைப் பதிவுசெய்யும் பிக்மி எண் ஒவ்வொரு தாயிடமும் இருக்கிறது. அப்புறம் ஏன் இந்தக் குழந்தைகள் ஒன்றரை வயதில் வருகிறார்கள்? பச்சிளங்குழந்தை சிகிச்சைப் பிரிவுக்கும் அந்த மையத்துக்கும் நடுவில் கூப்பிட ஆள் இல்லை.

செப்சிஸ் வந்த ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்றாம் மாதத் தேதியை டிஸ்சார்ஜ் அன்றே எழுதிக் கொடுங்கள். அந்தத் தேதியில் வராவிட்டால், கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்குப் போய் அந்த வீடியோவை எடுத்து வரட்டும். எடுக்கவும் பார்க்கவும் கற்றுக்கொடுக்க என்னைப் போன்றவர்கள் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்