கசகசாவைத் தூவிப் பாப்பி வளர்க்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வார இணைப்பில் அண்மையில் வெளிவந்த வீட்டுத் தோட்டக் குறிப்புகளில், குளிர்காலப் பூச்செடிகளைப் பற்றிய பகுதியை ஆர்வத்தோடு படித்தேன். மலைப்பகுதியில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு உதவும் செய்திகள் அதில் நிறையவே இருந்தன. ஆனால் பாப்பி மலரைப் பற்றிச் சொல்லும் இடத்தில், விதை தேடி அலைய வேண்டியதில்லை என்றும், மளிகைக் கடையில் வாங்கும் கசகசாவை ஈர மண்ணில் தூவினாலே போதும் என்றும் எழுதப்பட்டிருந்தது. முக்கியமாக இந்த வரியைத் திருத்தி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கசகசா, பாப்பி வகைகளுள் ஒன்றான அபினிச் செடியின் விதை. தேங்காயோடு சேர்த்து அரைத்துக் குருமாவில் ஊற்றுகிற அதே விதையைத்தான் மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் மாவட்டங்களிலும், ராஜஸ்தானின் சித்தோர்கர், பிரதாப்கர் பக்கங்களிலும், உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி போன்ற சில இடங்களிலும் உரிமம் பெற்ற விவசாயிகள் மழைக்காலம் முடிந்ததும் விதைக்கிறார்கள். குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய போதைப்பொருள் துறை அவர்களுக்கு ஆண்டுதோறும் உரிமம் வழங்குகிறது, நிலத்தை அளக்கிறது, பச்சைக் காயைக் கீறி வழித்தெடுத்த பாலை எடைபோட்டு வாங்கிக்கொள்கிறது. மார்ஃபின் முதலிய மருந்துகளுக்கான மூலப்பொருள் அந்தப் பாலிலிருந்து கிடைக்கிறது. அதற்கான அரசு ஆலைகள் நீமச்சிலும் காஜிப்பூரிலும் இருக்கின்றன. விதையை விவசாயி வெளிச்சந்தையில் விற்றுக்கொள்ளலாம். நம் கடைகளுக்கு வரும் கசகசா இப்படிக் கிடைப்பதும், துருக்கி போன்ற நாடுகளிலிருந்து இறக்குமதியாவதும் ஆகும்.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், அபினிச் செடியின் பிற பாகங்களிலிருந்து விதையைத் தனியே பிரித்து விலக்கு அளித்திருப்பதால், கசகசாவை வாங்குவதற்கும் சமைப்பதற்கும் நம் நாட்டில் தடையில்லை. அதே விதை மண்ணில் விழுந்து முளைவிட்டால் நிலைமை வேறு. சட்டத்தின் 2ஆம் பிரிவு ‘பாப்பாவர் சோம்னிஃபெரம்’ என்ற தாவரத்தைப் பெயர் சொல்லியே அபினிச் செடி என்று வரையறுக்கிறது. 8ஆம் பிரிவு அதைப் பயிரிடுவதைத் தடை செய்கிறது. 18ஆம் பிரிவு பத்தாண்டு வரை கடுங்காவல் சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. ஏக்கர் கணக்கில் பயிரிட்டால்தான் குற்றம், பூந்தொட்டியில் அழகுக்காக வளர்த்தால் குற்றமில்லை என்று அந்தச் சட்டத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. தம் நிலத்தில் இச்செடி சட்டவிரோதமாக வளர்க்கப்படுவதை அறிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பவரையும் 46ஆம் பிரிவு தண்டனைக்கு உள்ளாக்குகிறது. ஆகவே, வாடகைக்குக் குடியிருப்பவர் தூவிய கசகசா வீட்டுக்காரருக்கும் தலைவலியாகக்கூடும். இத்தனை சிக்கலுக்குரிய ஒன்றைக் ‘கைப்பிடி அள்ளித் தூவுங்கள்’ என்று ஒரு நாளிதழே சொல்வது முறையாகுமா என்பதைத் தாங்களே எண்ணிப் பார்க்க வேண்டும்.

கட்டுரையாளரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. இங்கிலாந்தில் அபினிச் செடியை அழகுக்காக வீட்டுத் தோட்டத்தில் வளர்ப்பது சட்டவிரோதமன்று. அங்குள்ள தோட்டப் புத்தகங்களும் காணொளிகளும் அதை மற்றுமொரு பூச்செடியாகவே கருதி, விதைப்பது முதல் காயை உலர்த்திப் பூச்சாடியில் வைப்பது வரை விரிவாகச் சொல்லித் தருகின்றன. அவற்றைப் பார்த்து எழுதுகிறவர்கள், ஊருக்கு ஊர் சட்டம் மாறும் என்பதை நினைப்பதில்லை. இணையத்தில் வெளிநாட்டு விதைப் பொட்டலங்களைத் தேடுபவர்களும் இதில் ஏமாறுவதுண்டு. பிரெட்சீட் பாப்பி, பியோனி பாப்பி என்றெல்லாம் அடுக்கடுக்கான இதழ்களோடு படம் போட்டு விற்கப்படுபவை அத்தனையும் இந்த ஒரே இனத்தைச் சேர்ந்தவைதான். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சமையலுக்கான கசகசாவைக்கூட உள்ளே கொண்டுபோக முடியாது என்பது, அங்கே பிள்ளைகளுக்கு மசாலாப்பொடி கட்டிக் கொடுத்தனுப்பும் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்கும். அவ்வளவு கண்டிப்பு இங்கே இல்லாததாலேயே செடியின் மீதும் தடையில்லை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள்.

இதனால் பாப்பியே வளர்க்கக் கூடாது என்று ஆகிவிடாது. வீட்டில் தாராளமாக வளர்க்கக்கூடிய பாப்பிகள் குறைந்தது மூன்று இருக்கின்றன. என்னைக் கேட்டால், அழகிலும் அவை அபினிச் செடிக்கு ஒரு படி மேலே என்பேன்.

முதலாவது, ஷர்லி பாப்பி. ஐரோப்பியக் கோதுமை வயல்களில் களையாக முளைக்கும் செந்நிறப் பாப்பியிலிருந்து வந்தது இது. இங்கிலாந்தில் ஷர்லி என்னும் ஊரின் பாதிரியாராக இருந்த வில்லியம் வில்க்ஸ், 1880ஆம் ஆண்டையொட்டி, தம் தோட்டத்தின் ஓர் ஓரத்தில் வெண்ணிற விளிம்போடு பூத்திருந்த ஒரே ஒரு பூவைக் கண்டு, அதன் விதையை மட்டும் தனியே எடுத்து வைத்தார். பின்னர் ஆண்டுக்கு ஆண்டு பொறுக்கியெடுத்து விதைத்து, அடியில் இருந்த கருந்திட்டை அகற்றி, வெள்ளை, இளஞ்சிவப்பு, இரு நிறக் கலவை என்று புதிய நிறங்களை உருவாக்கினார். இன்று விதைக்கடையில் கிடைக்கும் ஷர்லி பொட்டலம் ஒவ்வொன்றும் அந்த ஒற்றைப் பூவின் வழிவந்தது. இரண்டாவது, கலிஃபோர்னியா பாப்பி. 1903 முதல் அந்த மாநிலத்தின் அரசு மலராக இருக்கும் இது, வெயிலில் விரிந்து, மேகம் மூடினாலும் இருட்டினாலும் மடங்கிக்கொள்ளும். வறட்சியையும் ஓரளவு தாங்கும். மூன்றாவது, ஐஸ்லாந்து பாப்பி. தில்லி, சண்டிகர் பூங்காக்களில் குளிர்காலத்தில் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூத்துக் குலுங்குவது இதுதான். நீலப் பாப்பி கிடைக்குமா என்று கேட்பவர்களும் உண்டு. அது இமயமலையின் உயரத்துக்கே உரியது. அதன் பெயரில் விற்கப்படும் விதைக்குப் பணம் செலவழிப்பது வீண்.

அபினிச் செடியை இவற்றிலிருந்து பிரித்தறிய இலையைப் பார்த்தாலே போதும். அபினிச் செடியின் இலை மெழுகு பூசியது போன்ற நீலச் சாம்பல் நிறத்தில், மயிரின்றி வழவழப்பாக, காம்பில்லாமல் தண்டைக் கட்டிப்பிடித்தபடி இருக்கும், காயும் பருத்திருக்கும். ஷர்லி பாப்பியின் இலையோ ஆழமாகப் பிளவுபட்டது. இலை, தண்டு, மொட்டு எல்லாவற்றிலும் சொரசொரப்பான மயிர் இருக்கும். காய் சுண்டுவிரல் நுனிக்கும் சிறியது. கலிஃபோர்னியா பாப்பிக்குக் கொத்தமல்லித் தழை போன்ற நுண்ணிய இலையும், மெலிந்து நீண்ட காயும் உண்டு. ஐஸ்லாந்து பாப்பியில் இலைகள் எல்லாம் அடியிலேயே நின்றுவிட, இலையற்ற தண்டின் நுனியில் பூ நிற்கும்.

தங்கள் கட்டுரையில், விதையைக் குழித்தட்டில் விதைத்து, நாற்று வளர்ந்த பின் பிடுங்கி நட வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருந்தது. இதையும் திருத்த வேண்டும். ஷர்லி, கலிஃபோர்னியா ஆகிய இரண்டும் ஆரம்பத்திலேயே நீண்ட ஆணிவேர் விடுபவை. வேர் சிறிது அறுந்தாலும் சுணங்கிப்போகும், பெரும்பாலும் பிழைக்காது. பூக்க வேண்டிய இடத்திலேயே நேரடியாக விதைப்பதுதான் சரி. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மார்கழியிலிருந்து மாசிக்குள் விதைக்கலாம். தை மாதத்தில் விதைத்தவை சித்திரையில் பூத்து, மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்திலும் தொடரும். இளஞ்செடிகள் தரையோடு ஒட்டிக் கிடக்கும் பருவத்தில் இலேசான உறைபனியைப் பொறுத்துக்கொள்ளும்.

ஷர்லி பாப்பியின் விதை தூசு போன்றது. வெறுங்கையால் தூவினால் ஓரிடத்தில் அடர்ந்து விழுந்து, மற்ற இடம் வெறுமையாகிவிடும். ஒரு சிட்டிகை விதையை இரண்டு கைப்பிடி உலர்ந்த ஆற்று மணலோடு கலந்துகொண்டால், எங்கே விழுந்திருக்கிறது என்பதை மணலே காட்டிக்கொடுக்கும். விதை முளைக்க வெளிச்சம் வேண்டும் என்பதால் மேலே மண் போட்டு மூடக் கூடாது. பலகையால் மெல்ல அழுத்திவிட்டு, கண் சிறுத்த பூவாளியால், அல்லது கைத்தெளிப்பானால், மண் கலையாதபடி நீர் தெளிக்க வேண்டும். மலைக் குளிரில் முளைக்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். அதுவரை மேல்மண் காயக் கூடாது. நீர் தேங்கவும் கூடாது. முளைத்த பின் நீரைக் குறைக்காவிட்டால் அழுகல் நோய் வந்து ஒரே இரவில் பாத்தியே சாய்ந்துவிடும்.

எங்கள் பக்கத்துத் தேயிலை மண் புளிப்பானது. எனவே விதைப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே, புளிப்பைக் குறைக்கத் தேயிலைக்காரர்கள் போடும் டோலமைட் சுண்ணாம்புப் பொடியில் கொஞ்சம் கலந்துவிடுவது நல்லது. உரத்தில் தாராளம் காட்ட வேண்டியதில்லை. தழைச்சத்து மிகுந்தால் இலைதான் செழிக்கும். தண்டு நலிந்து காற்றில் மடியும். இரண்டங்குல உயரம் வந்ததும் செடிக்குச் செடி முக்கால் சாண் இடைவெளி இருக்கும்படி கலைத்துவிட வேண்டும். பெரும்பாலானவர்கள் தோற்பது இங்கேதான். முளைத்ததைப் பிடுங்க மனம் வராமல் எல்லாவற்றையும் விட்டுவைத்தால், குச்சி போன்ற செடியில் காசளவு பூ ஒன்று வந்து அத்தோடு முடிந்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டு வளர்த்த ஷர்லி பாப்பியின் ஒரு பூ ஓரிரு நாள்தான் நிற்கும். ஆனால் அது மலர்வதைப் பார்ப்பதற்காகவே வளர்க்கலாம். கழுத்தை வளைத்துத் தலைகுனிந்து தொங்கும் மயிரடர்ந்த மொட்டு, மலர்வதற்குச் சற்று முன் நிமிர்கிறது; இரண்டு பச்சைப் புறவிதழ்களும் பிளந்து கீழே உதிர்கின்றன; உள்ளே கசங்கி மடிந்திருந்த நான்கு இதழ்களும் வெயில் பட்டதும் சுருக்கம் நீங்கி விரிகின்றன. ஜாடியில் வைக்க வேண்டுமானால், அந்தப் புறவிதழ் பிளக்கும் தருணத்தில் வெட்டி, பால் கசியும் வெட்டுவாயை மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு கணம் காட்டிவிட்டு நீரில் வைக்க வேண்டும். இல்லையேல் மாலைக்குள் தலை சாய்ந்துவிடும். வாடிய பூக்களை அவ்வப்போது கிள்ளினால் பூப்பு நீளும். கடைசிப் பூக்களை மட்டும் காயாக விட்டால், முற்றிய காயின் மூடிக்குக் கீழே சிறு சிறு துளைகள் திறந்து, காற்றில் ஆடும்போது உப்புக் குப்பியைக் கவிழ்த்தது போல் விதை கொட்டும். மறு ஆண்டு மண்ணைக் கிளறியதும் அவை தாமாகவே முளைக்கும்.

சமவெளி வாசகர்களுக்கு ஒரு சொல். கோவை, ஓசூர் போன்ற இடங்களில் கார்த்திகைக் கடைசியில் கலிஃபோர்னியா பாப்பியை விதைத்தால், வெயில் ஏறுவதற்குள் பூவைப் பார்த்துவிடலாம். கடலோரப் புழுக்கத்தில் இவற்றுக்காக மெனக்கெடுவதைவிடச் செண்டுமல்லி போடுவது மேல் என்பதே என் கருத்து. பாப்பிக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடி சமவெளியெங்கும் தானாகவே வளர்கிறது: தரிசிலும் சாலையோரத்திலும் மஞ்சள் பூவும் முள்ளுமாக நிற்கும் பிரமதண்டு. பூ அழகாக இருக்கிறதே என்று அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். அதன் விதை பார்ப்பதற்குக் கடுகு போலவே இருக்கும். அதன் எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்ததால்தான் 1998இல் தில்லியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

தாங்கள் வெளியிடும் திருத்தத்தில், கசகசாவை விதைக்கக் கூடாது என்பதோடு, விதை வாங்கும்போது பொட்டலத்தின் மேல் தாவரவியல் பெயர் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் சேர்க்க வேண்டுகிறேன். வெறுமனே ‘பாப்பி, கலப்பு நிறம்’ என்று மட்டும் இருந்தால் வாங்காமல் விடுவதே நல்லது. கட்டுரையை நம்பி ஏற்கெனவே கசகசா தூவியவர்கள் சிலர் இருக்கக்கூடும். பழைய விதையாக இருந்தால் முளைக்காமலேயே போகும். முளைத்திருந்தால், நீலச் சாம்பல் நிற இலை தெரிந்தவுடனே, பூவுக்காகக் காத்திராமல் வேரோடு பிடுங்கிவிடும்படி அவர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள். மார்கழி விதைப்புக்கு இன்னும் சில வாரங்களே இருப்பதால், வரும் வார இணைப்பிலேயே இது இடம்பெற்றால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
கோத்தகிரி.