எங்கள் முகவரியும் உங்கள் பட்டியலில் வரட்டும்

மலையேற்ற உடை விற்கும் வெளிநாட்டு நிறுவனங்களின் கொள்முதல் பிரிவினருக்குத் திருப்பூரிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். தமிழில் எழுதினால் உங்களுக்கு எட்டுமா என்று நண்பர்கள் கேட்டார்கள். திருப்பூரிலும் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் உங்கள் பையிங் ஆபீஸ்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. மெர்ச்சண்டைசர் தம்பிகள் படித்துச் சொல்லட்டும்.

உங்களில் ஒரு நிறுவனம் சமீபத்தில் தன் உற்பத்தி இடங்களின் புதுப் பட்டியலை வெளியிட்டது. எந்த நாடு, எந்த ஆலை, என்ன முகவரி, எத்தனை தொழிலாளர்கள், அதில் பெண்கள் எத்தனை பேர் என்று வரிசையாகப் போட்டிருந்தது. திருப்பூர் வரிசையில் எங்களுக்கு வேலை தரும் எக்ஸ்போர்ட் கம்பெனியின் பெயரும் இருந்தது. அந்த நிறுவனத்துக்காகப் போன சீசனில் போன முழுக்கை உள்பனியனில், அதாவது மலையேறுபவர்கள் ஜாக்கெட்டுக்கு உள்ளே உடம்போடு ஒட்டிப் போடுவதில், பெரும்பகுதியைத் தைத்தது எங்கள் பவர்டேபிளும் (கம்பெனி வெட்டிக் கொடுக்கும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு யூனிட்) அக்கம்பக்கத்து பவர்டேபிள்களும்தான். எங்களில் ஒருவர் முகவரியும் அதில் இல்லை.

நாங்கள் கேட்பது இதுதான்: உங்கள் துணி தைக்கப்படும் எல்லா இடத்தையும் பட்டியலில் போடுங்கள். ஜாப் ஒர்க் யூனிட்டுகளையும் சேர்த்துப் போடுங்கள்.

ஒரு பனியன் எத்தனை கை மாறுகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நூல் ஒரு இடம், நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், காம்பேக்டிங் ஒரு இடம், பிரிண்டிங் ஒரு இடம். கட்டிங்கும் செக்கிங்கும் பேக்கிங்கும் கம்பெனிக்குள் நடக்கும். தையலில் பாதி வெளியே வரும். உங்கள் உள்பனியன் கண்டிப்பாக வெளியே வரும். முதுகில் பை மாட்டி நாள் முழுக்க நடப்பவருக்குத் தோளில் தையல் உறுத்தக் கூடாது என்று நீங்கள் சொல்கிறீர்கள், சரி. அதற்கு விளிம்பு தடிக்கும் ஓவர்லாக் தையல் ஆகாது, தட்டையாகத் தைக்கும் நாலு ஊசி ஆறு நூல் ஃப்ளாட்லாக் மெஷின் வேண்டும். அந்த மெஷின் விலை அதிகம். அதில் வளைவு பிசகாமல் ஓட்டத் தெரிந்த டெய்லர்கள் குறைவு. கம்பெனியில் நாலைந்து மெஷின் இருக்கும், மிச்சம் எங்களைப் போன்றவர்களிடம் இருக்கும்.

வெளியே கொடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அது உங்கள் மேஜையில் ஆரம்பிக்கிறது. கலர் அப்ரூவலுக்கு அனுப்பிய லேப் டிப், அதாவது சாயம் போட்ட மாதிரித் துண்டு, உங்களிடம் வாரக்கணக்கில் கிடக்கும். தைக்கத் தொடங்கும் முன் காட்டும் பிபி சாம்பிளில் கழுத்துப் பட்டியை மாற்றச் சொல்வீர்கள். நடுவில் பீஸ் எண்ணிக்கையைக் கூட்டுவீர்கள். ஷிப்மென்ட் தேதி மட்டும் அசையாது. தேதி தவறினால் கப்பலில் போக வேண்டிய சரக்கை கம்பெனி தன் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்தப் பயத்தில்தான் கட்டிங் முடிந்த பண்டல்கள் எங்கள் வாசலுக்கு வருகின்றன. உங்கள் ஒப்பந்தத்திலோ, அனுமதியில்லாமல் வெளியே தைக்கக் கொடுத்தால் ஆர்டர் ரத்து என்று எழுதியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டவர்கள் என்ன செய்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? மறைப்பார்கள்.

எப்படி மறைக்கிறார்கள் என்று சொல்கிறேன்.

உங்கள் தரப்பிலிருந்து கம்பெனியைச் சோதிக்க வரும் ஆடிட்டுக்கு முந்தின நாள் ராத்திரி போன் வரும். “அண்ணா, நாளைக்கு ஆடிட். பீஸ் எல்லாம் ஏத்தி விட்டுருங்க.” அடுத்த அரை மணி நேரத்தில் குட்டியானை வந்து நிற்கும். தைத்தது, பாதி தைத்தது, தைக்காதது எல்லாவற்றையும் சைஸ் பார்த்துக் கட்டி ஏற்ற வேண்டும். மெயின் லேபிள், கேர் லேபிள் சுருள்களை எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் விடமாட்டார்கள். உங்கள் பெயர் போட்ட துண்டுச் சீட்டு ஒன்றுகூடத் தரையில் கிடக்கக் கூடாது என்பதால், பன்னிரண்டு மணி நேரம் மெஷினில் உட்கார்ந்த பெண்களே விளக்குமாறு எடுத்துக் கூட்டுவார்கள். அப்புறம் ஷட்டரை இழுத்துவிடுவோம். ஆடிட்டர் கிளம்பிப் போய், கம்பெனியில் மூச்சு விட்டு, பண்டல் திரும்பி வர இரண்டு நாள் ஆகும். சில சமயம் மூன்று.

எங்களிடம் தைப்பவர்கள் பீஸ் ரேட்டில் இருப்பவர்கள். தைத்தால்தான் காசு. வாரக் கூலி சனிக்கிழமை. போன ஆடிட் வாரத்தில், சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து வந்து லைன் வீட்டில் குடியிருக்கும் ஒரு அக்கா, கூலிக் கவரைப் பிரித்து எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். “ஏனுங்கண்ணா, பரிசோதனைக்கு வர்றவங்க நம்ம நல்லதுக்குத்தான வர்றாங்க? அவங்க வந்தா நமக்கு ஏனுங்க கூலி போகுது?” அந்த வாரம் வாடகை கட்ட அவர் வார வட்டிக்கு வாங்கினார். ஆடிட்டர் அன்று கம்பெனியில் என்ன கேட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். சம்பளம் ஒழுங்காக வருகிறதா, ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி உண்டா, குடிதண்ணீர் இருக்கிறதா. அந்தக் கேள்விகளை இந்த அக்காவிடம் கேட்டிருக்க வேண்டும். அவர் அந்த நேரத்தில் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

உங்கள் சோதனை நடக்கும் வாரத்தில் உங்கள் துணியைத் தைத்தவருக்குக் கூலி இல்லை. இதை ஒரு தடவையாவது உங்கள் ஆண்டறிக்கையில் எழுதியிருக்கிறீர்களா?

எங்கள் தெருவிலேயே ஒரு யூனிட் அப்படி ஏற்றி அனுப்பத் தாமதமாகி மாட்டிக்கொண்டது. பண்டலோடு ஆடிட்டர் போட்டோ எடுத்தார். நடவடிக்கை உடனே வந்தது. அந்த யூனிட்டுக்கு இனி ஒரு பீஸும் தரக் கூடாது என்று கம்பெனிக்குக் கடிதம். அங்கே இருந்தவர்கள் வேறு வேறு இடத்துக்குச் சிதறிப் போனார்கள். அங்கே கூலி சரியாக இருந்ததா, தீப்பிடித்தால் வெளியேற வழி இரண்டு இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. பட்டியலில் இல்லை என்பதே குற்றம் ஆனது. பட்டியலில் சேர்க்க வேண்டியவர்களோ நீங்கள்தான்.

பட்டியலில் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு நான் கதை சொல்ல வேண்டியதில்லை. 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி டாக்கா பக்கத்தில் சாவாரில் தையல் ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். அங்கே யாருடைய துணி தைக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க, இடிபாட்டுக்குள் கிடந்த லேபிள்களைத் தொழிலாளர் இயக்கத்தினர் பொறுக்கி எடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் ஆலைப் பட்டியலை வெளியிடுவது என்ற வழக்கமே உங்கள் துறையில் பரவலாக வந்தது. அந்தப் பட்டியல் எக்ஸ்போர்ட் கம்பெனி கேட்டோடு நின்றுவிட்டால், பழைய நிலைமைக்கும் இதற்கும் எங்களைப் பொறுத்தவரை வித்தியாசம் இல்லை.

கீழே இறங்கிப் பார்க்க முடியாது, ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன யூனிட்டுகள் இருக்கின்றன என்று உங்கள் ஆட்கள் கூட்டங்களில் சொல்கிறார்கள். உங்கள் தொழிலிலேயே இறங்கிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மலையேற்ற உடை விற்கும் அமெரிக்க நிறுவனமான பாட்டகோனியா 2011-ல் தையல் ஆலைகளைத் தாண்டித் துணி ஆலைகள் வரை தணிக்கை போனபோது, தைவானில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அந்த வேலைக்காகவே தரகர்களுக்குப் பெரும் பணம் கட்டிக் கடனில் கிடந்தது தெரிந்தது. அதை வெளியே சொன்னார்கள். ஆலைகளோடு தொடர்ந்து வேலை செய்தபடியே, தொழிலாளியிடம் தரகுப் பணம் வாங்கக் கூடாது, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 2014-ல் விதி போட்டார்கள். இங்கேயும் முன்மாதிரி உண்டு. திண்டுக்கல்லில் ஒரு இளம் பெண் தொழிலாளி 2021 ஜனவரியில் கொல்லப்பட்ட பிறகு, தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடி, பெண் தொழிலாளர் மீதான வன்முறையைத் தடுக்க, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் ஹெச் அண்ட் எம் உள்ளிட்ட பிராண்டுகளிடம் 2022-ல் கையெழுத்து வாங்கியது. தையல் ஆலையோடு நூற்பாலையும் அதற்குள் வந்தது. மனம் வைத்தால் நடக்கிறது.

சரி, பட்டியலில் சேர்த்துவிட்டு ஆடிட்டரை மட்டும் அனுப்பினால் போதுமா என்றால் போதாது. எங்கள் இடங்களில் நீங்கள் குறை காண்பீர்கள். பல யூனிட்டுகள் வீட்டின் மேல் மாடியில் இருக்கின்றன. படி ஒன்றுதான் இருக்கும். பெண்களுக்குத் தனிக் கழிவறை இல்லாத இடங்கள் உண்டு. எழுதிக் கொடுங்கள், சரிசெய்யத் தவணை கொடுங்கள், அதற்கான செலவு பீஸ் விலையில் ஏறட்டும். உங்கள் பனியனில் விலைச் சீட்டு குத்துவதும் இந்த ஊரில்தான், அதனால் என்ன விலைக்கு விற்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். 65 யூரோ என்று அச்சடித்த அந்த உள்பனியனுக்கு முழுத் தையல் கூலியாக எங்கள் கைக்கு வந்தது முப்பது ரூபாய்க்கும் கீழே. அதில்தான் டெய்லர் கூலி, அவருக்கு உதவும் கைமடி ஆளின் கூலி, ஊசி, கரண்ட், வாடகை எல்லாம். அதுவும் உடனே வராது. நீங்கள் கம்பெனிக்குத் தொண்ணூறு நாள் கழித்துப் பணம் அனுப்புகிறீர்கள், கம்பெனி எங்களை இழுத்தடிக்கிறது. சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கம்பெனி மேல் வழக்குப் போட்டால் அடுத்த பண்டல் வருமா?

எது நடந்தாலும் கணக்கு கீழே வந்து முடிகிறது. 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் தைத்து முடித்த சரக்கையே வேண்டாம் என்றவர்கள் உங்கள் துறையில் இருந்தார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, விலையைக் குறை என்று முதல் மெயில் திருப்பூருக்குத்தான் வந்தது. கம்பெனி எங்களிடம் ரேட்டைக் குறைத்தது. நான் யாரிடம் குறைப்பது? அந்த அக்காவிடமா?

ஆற்றைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து வரும் நொய்யல், திருப்பூரைத் தாண்டும்போது என்ன நிறத்தில் ஓடியது என்று என் வயதுக்காரர்கள் பார்த்திருக்கிறோம். ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, கீழே இருந்த விவசாயிகள் நிலத்தை இழந்தார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறையைக் கட்டி ஓட்டும் செலவை இந்த ஊர் சுமக்கிறது. சுமக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கேட்டலாக்கின் பக்கத்துக்குப் பக்கம் ஆறும் பனிமலையும் அச்சடிக்கும் நீங்கள், அந்தச் செலவைச் சாய விலையில் ஏற்றினால் பக்கத்து நாட்டில் மலிவு என்று பேரம் பேசுகிறீர்களே, அது நியாயமா?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

ஐரோப்பாவில் உங்களுக்குச் சட்டங்கள் வருகின்றன. சரக்கு வரும் வழி முழுவதிலும் தொழிலாளர் உரிமையைக் கவனிக்கச் சொல்லும் ஜெர்மனியின் சப்ளை செயின் சட்டம் 2023 முதல் நடப்பில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் போட்ட அதே மாதிரிச் சட்டத்தை 2025-லேயே தள்ளிப்போட்டார்கள். சட்டம் வந்து சேரும்வரை எங்களைக் காக்கவைக்காதீர்கள். தயவுசெய்து அடுத்த சீசன் ஆர்டர் போடும்போதே, தையல் எங்கெங்கே நடக்கும் என்று கம்பெனியிடம் முன்கூட்டிக் கேளுங்கள். சொன்னால் தண்டனை இல்லை என்று எழுதிக் கொடுங்கள். சொன்ன இடங்களைப் பட்டியலில் போடுங்கள். அங்கே வந்து பாருங்கள், குறை இருந்தால் ஆர்டரை வெட்டாமல் திருத்தச் சொல்லுங்கள். வரும் நாளில் வேலை நிற்காமல், கூலி குறையாமல் இருக்கட்டும். கலர் அப்ரூவல் உங்களால் தாமதமானால் ஷிப்மென்ட் தேதியும் அத்தனை நாள் தள்ளிப் போகட்டும்.

இதற்குப் பதில் எனக்கு எழுத வேண்டாம். உங்கள் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தின் நகலைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்து, உங்கள் பனியன் தைக்கப்படும் எல்லா யூனிட்டிலும், கூலி கொடுக்கும் மேஜைக்கு மேலே ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பவர்டேபிள் நடத்தும் ஒருவன்,
திருப்பூர்