முதல் ஸ்நோவுக்கு முன்

ஸ்காபரோ,
ஒக்ரோபர் 20

அன்பின் சிவா,

கடிதம் கிடைத்தது. பாரி நகரில் வீடு சரிவந்ததும் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிடைத்ததும் நல்ல செய்தி. அம்மாவின் முழங்கால் எப்படி என்று எழுதவில்லையே. அடுத்த முறை எழுது. இங்கே எல்லாரும் சுகம்.

கார் விசயத்துக்கு வருகிறேன். நாலு சில்லும் இழுக்கிற காருக்கு வின்ரர் ரயர் எதற்கு என்று கேட்டிருக்கிறாய். நாலு சில்லும் இழுத்தால் கார் சுலபமாக வெளிக்கிடும், ஏற்றம் ஏறும். நிற்பாட்டுவதற்கு அது உதவாது. பிறேக் எல்லாக் காருக்கும் நாலு சில்லிலும்தான் இருக்கிறது. இன்னொரு கெடுதலும் உண்டு. வெளிக்கிடும்போது வழுக்காததால் ரோட்டின் நிலைமை ஓட்டுகிறவனுக்குத் தெரியாமல் போகும், சிவப்பு லைற்றில்தான் தெரியவரும். ஆகவே காசை முதலில் ரயரில் போடு.

7 பாகைக்குக் கீழே போனால் ஓல் சீசன் ரயரின் ரப்பர் இறுகத் தொடங்கும். வின்ரர் ரயரின் ரப்பர் மைனஸ் 20இலும் மென்மையாக இருந்து ரோட்டைப் பிடிக்கும். ரயரின் பக்கத்தில் மூன்று சிகர மலையும் அதன் நடுவே பனிப்பூவும் பொறித்திருக்கிறதா பார். சேறும் பனியும் என்று பொருள்படும் எம் பிளஸ் எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் காணாது. நாலும் மாற்றவேண்டும். முன்னுக்கு இரண்டு மட்டும் போட்டால் முன் சில்லு பிடிக்கும், பின்பக்கம் வளைவில் விலகிக் கார் சுற்றிவிடும். பாவித்த ரயர் மலிவாக வந்தால் ரோட்டில் படுகிற பக்கத்து வெட்டுகளின் ஆழத்தை அளந்து பார், 4 மில்லிமீற்றருக்குக் கீழே என்றால் வேண்டாம். பக்கத்தில் உள்ள இலக்கத்தின் கடைசி நாலு எண்ணையும் வாசி: 3521 என்றால் 2021இன் 35ஆவது வாரம் செய்தது.

கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டிருந்தால் இன்சூரன்ஸில் கழிவு தரவேண்டும் என்பது 2016இலிருந்து விதி. கேட்காவிட்டால் சிலவேளை தரமாட்டார்கள், கேட்டு வாங்கு. போட்டுக் கிட்டத்தட்ட 100 கிலோமீற்றர் ஓடியபின் சில்லு நட்டுகளைத் திரும்ப முறுக்கிப் பார்க்கச் சொல்லு. இதை அனேகமானோர் விட்டுவிடுகிறார்கள்.

குளிரில் ரயரின் காற்றும் குறையும். குளிர் 5, 6 பாகை கூடினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும். 20 பாகையில் 33 அடித்துவிட்டு மைனஸ் 15 காலையில் அளந்தால் 27 அளவில் நிற்கும். சாரதிக் கதவின் உள்விளிம்பில் ஒட்டியிருக்கிற அளவுக்கு, கார் ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது அடி.

அடுத்தது பற்றரி. மைனஸ் 18இல் அதன் சக்தி பாதிக்குக் கீழே போகும். அதே நேரம் ஒயில் தடித்து எஞ்சினைச் சுற்ற இரட்டிப்பு வேலை கேட்கும். அதனால்தான் வெயில் காலம் முழுக்கச் சத்தமில்லாமல் இருந்த பற்றரி ஜனவரியில் கைவிடுகிறது. இராத்திரி விட்ட காரில் 12.6 வோல்ற் காட்டினால் நல்லது, 12.2 என்றால் பாதிதான். நாலைந்து வருசம் போனதென்றால் கராஜில் சோதித்துப் பார்.

ரேடியேற்றர் தண்ணீரில் உறையாமல் காக்கிற கூலன்ற் பாதி, தண்ணீர் பாதி என்றால் மைனஸ் 37 வரை உறையாது. கூடப் போட்டால் இன்னும் நல்லது என்று தனிக் கூலன்ற் ஊற்றாதே, அதில் இருக்கிற எதிலீன் கிளைகோல் தனியாக மைனஸ் 13இலேயே உறைந்துவிடும். கண்ணாடி கழுவுகிற நீருக்கு மைனஸ் 40 என்று எழுதிய கான் வாங்கு. கோடைக்கு ஊற்றியதை முதலில் அடித்துத் தீர்த்துவிடு, இல்லையென்றால் குழாயில் உறையும்.

காலையில் கண்ணாடிக்குச் சுடுதண்ணி ஊற்றாதே, வெடிக்கும். கூரைப் பனியையும் தள்ளு. பிறேக் பிடிக்கும்போது அது முழுக்க முன்கண்ணாடிக்கு இறங்கிவரும். எஞ்சினைப் போடுமுன் புகைக்குழாய் வாயைப் பார், பனி அடைத்திருந்தால் காபன் மொனொக்சைட் என்ற நச்சுவாயு உள்ளே வரும். எல்இடி லைற் சூடாகாததால் அதில் ஒட்டிய பனி தானாகக் கரையாது, துடைக்கவேண்டும். பழைய காரில் பகல் லைற் எரியும்போது பின் லைற் எரியாது, ஆகவே சுவிச்சைக் கையாலே போடு. கண்ணாடி உள்ளே புகார் பிடித்தால் ஏசியைப் போட்டு வெளிக்காற்றை விடு. குளிருக்குள் ஏசியா என்று யோசிக்காதே, ஈரத்தை இழுப்பது அதுதான்.

ஓட்டத்தில் மைனஸ் 20ஐவிட 0 பாகைக்குத்தான் நான் பயம். ஐஸின் மேலே மெல்லிய தண்ணீர்ப் படலம் நிற்கிறபடியால் அந்நேரம்தான் மோசமாக வழுக்கும். கீழாலும் காற்றுப் போவதால் பாலங்கள் முதலில் உறையும். ரோட்டு ஈரமாகத் தெரிந்து, முன் காரின் சில்லிலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை என்றால் அது ஐஸ். அந்த இடத்தில் பிறேக்கைத் தொடாதே, காஸ் பெடலிலிருந்து காலை மெதுவாக எடு, வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கிற குறூஸைப் போடாதே. கார் விலகினால் போகவேண்டிய பக்கத்தைப் பார்த்து அங்கேயே மெதுவாகத் திருப்பு. அவசரத்துக்கு நிற்பாட்டவேண்டி வந்தால் சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏபிஎஸ் உள்ள காரில் பிறேக்கை அழுத்தியபடியே வைத்திரு. காலுக்குக் கீழே பெடல் அதிரும், பயந்து காலை எடுத்துவிடாதே.

உன் பக்கம் இன்னொரு தொல்லை, ஹியூரன் ஏரியிலிருந்து வருகிற பனிச்சூறை. ஹைவே 400இல் வெயில் எறித்துக்கொண்டிருக்கும், அடுத்த கிலோமீற்றரில் முன் கார் தெரியாது. வெளிக்கிடமுன் ரோட்டு நிலைமை சொல்கிற 511 சேவையைப் பார். உள்ளே மாட்டினால் லோ பீமில் வேகத்தைக் குறைத்து அடுத்த எக்ஸிற்றில் இறங்கு, ஓடுகிற பாதையில் நிற்பாட்டாதே. நீல லைற் போட்ட பனி தள்ளும் லொறிகளை முந்தவேண்டாம், அவற்றுக்குப் பின்னால் இருக்கிற ரோட்டுத்தான் நல்ல ரோட்டு.

காரின் ரங்கில் சின்னச் சவள், ஒரு பை மண், பற்றரி வயர், கம்பளி, ரோர்ச் வைத்திரு. பெற்றோல் அரைத் தாங்கிக்குக் கீழே போகவிடாதே.

பற்றரியில் ஒட்டியிருக்கிற திகதியையும் ரயர் இலக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு, மாற்றவேண்டுமா என்று சொல்கிறேன். ரயர் மாற்ற நவம்பரில் கராஜ்களில் இடம் கிடைக்காது, இந்தக் கிழமையே நேரம் எடுத்துவை.

அன்புடன்,
குகன்