அம்மையின் மாத்திரை டப்பா

வில்லுக்குறி
2020 ஏப்ரல் 9

அன்பு மக்கா,

இங்கே எல்லாரும் சுகம். நீயும் அந்த அறைக்குள் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். விமானமே பறக்காத நாளில் தபால் எங்கே போகும்? அதனால் எழுதிப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். போனில் பேச முடியாத விஷயம். நீ கூப்பிடும்போதெல்லாம் உன் அண்ணன் மனைவி மைனி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். உன் அம்மை பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் "எனக்கு ஒண்ணுமில்ல மக்களே" என்று முந்திக்கொள்கிறாள். நீயும் அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறாய்.

அம்மை பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டாள். அட்டையில் மீதி இருந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் தெரிந்தது. கேட்டதற்கு, "அத தின்னா கொரோனா சீக்கிரம் பிடிக்குமாமே" என்கிறாள். அந்தச் செய்தியை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டது யார் என்று நான் சொல்ல வேண்டுமா? கணக்கு சார் பாஷையில், "பின்பெஞ்சு, எந்திரி!"

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், கேள். இந்தக் கிருமி நம் செல்லுக்குள் நுழைய ஏசிஇ2 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. எனாலபிரில், ராமிபிரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் வகை பிரஷர் மாத்திரைகள் அந்தப் புரதத்தைக் கூட்டலாம் என்று விலங்குகளில் நடந்த சில ஆய்வுகள் சொல்லியிருந்தன. அதைப் பிடித்துக்கொண்டு மருத்துவப் பத்திரிகைகளில் சிலர் ஊகமாக எழுதினார்கள். மனிதர்களில் அப்படி நடக்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று ஐரோப்பிய இதயநோய் மருத்துவர்கள் சங்கம் மார்ச் 13-ம் தேதியே அறிவித்துவிட்டது. அமெரிக்கச் சங்கங்களும் அதையேதான் சொல்லின. ஊகம் வீடு வீடாக வந்தது, மறுப்பு வரவில்லை.

அம்மை போடுகிற டெல்மிசார்ட்டானை நிறுத்தினால் மறுநாளே ஒன்றும் ஆகாது. பிரஷர் சில நாள்களில் பையப் பைய ஏறும். ஏறுவது ஆளுக்குத் தெரியாது. "நிறுத்தியும் நல்லாத்தானே இருக்கேன்" என்று அம்மை சொல்வது அதனால்தான். நேற்றுப் பார்த்தபோது 168/96. இந்த வயதில், சர்க்கரையும் உள்ள உடம்பில், கொரோனா வருமோ வராதோ, பக்கவாதத்துக்கு வாசலைத் திறந்து வைத்தது போல ஆகிவிடும். டாக்டரிடம் போனில் பேசி, பழைய அளவிலேயே மறுபடி ஆரம்பித்தாயிற்று. விட்டுப்போன நாள்களுக்குச் சேர்த்து இரண்டாகப் போட வேண்டாம் என்று மைனியிடம் அழுத்திச் சொல்லியிருக்கிறேன். உன்னிடமிருந்தும் அது வர வேண்டும். செய்தியைப் போட்டவன் வாயாலேயே "அது தப்பும்மா" என்று கேட்டால்தான் அம்மைக்கு மனசு ஒப்பும்.

பிரஷர் பார்க்கிற முறையையும் மைனிக்குச் சொல்லிக் கொடு. அண்ணன் வாங்கிக் கொடுத்த மிஷின் அலமாரியில் தூங்குகிறது. காப்பி குடித்து அரை மணி நேரம் கழியட்டும். மூத்திரம் போய்விட்டு வந்து, முதுகு சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பட்டையைச் சேலைக்கும் ஜாக்கெட்டுக்கும் மேலே சுற்றினால் கணக்கு தப்பும், வெறும் கையில் சுற்ற வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறை பார்த்து இரண்டையும் காலண்டரில் எழுதச் சொல். கை தொங்கினால் கூடுதலாகக் காட்டும், பேசிக்கொண்டே இருந்தாலும் கூடும். அம்மையைப் பேசாமல் உட்கார வைப்பது உன் பொறுப்பு.

அடுத்தது மருந்து வாங்குவது. அம்மையைத் திருவனந்தபுரத்தில் பார்க்கிற டாக்டர் எழுதுகிற கம்பெனிதான் வேண்டும் என்று அம்மையும் மைனியும் பிடிவாதம். களியக்காவிளையில் கேரள எல்லையை அடைத்த பிறகு அந்தக் கம்பெனிச் சரக்கு இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்காது. கம்பெனி முக்கியமில்லை, அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரும் மில்லிகிராமும்தான் முக்கியம். அம்மைக்கு டெல்மிசார்ட்டான் 40, அம்லோடிபின் 5 இரண்டும் சேர்ந்த மாத்திரை. அவசரத்தில் தவறுவது எங்கே தெரியுமா? பெயருக்குப் பின்னால் 'ஏஎம்' என்று இருந்தால் அம்லோடிபின் சேர்ந்தது. 'எச்' என்று இருந்தால் நீரைப் பிரிக்கிற வேறொரு மருந்து சேர்ந்தது. அட்டையின் நிறமும் பெயரும் ஒன்று போலவே இருக்கும். மாற்றி எடுத்தால் ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து போவாள், வெயில் நாளில் உப்புச்சத்து குறைந்து தலை சுற்றும். பழைய காலி அட்டையை எறியாமல் வைத்துக்கொண்டு புதியதோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் டப்பாவில் போட வேண்டும். மாதத்துக்கு வேண்டியது இருந்தால் போதும். ஆறு மாதத்துக்கு அள்ளி வைக்கிறவர்களால்தான் அடுத்த வீட்டுக்காரருக்கு இல்லாமல் போகிறது. சீட்டு பழையது என்றாலும் பயமில்லை. போனில் பார்த்து மருந்து எழுத டாக்டர்களுக்கு மார்ச் 25-ல் அரசாங்கம் வழிமுறை கொடுத்திருக்கிறது.

முட்டுவலிக்கு அம்மை ரகசியமாகப் போடுகிற டைக்ளோபெனாக்கை மட்டும் நிறுத்து. பிரஷர் மாத்திரையோடு அது சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் பாரம், பிரஷரையும் ஏற்றும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். இன்னொன்று: கொரோனாவுக்கென்று மலேரியா மாத்திரை கேட்டு உன் சித்தப்பா ஆள் அனுப்பியிருந்தார். இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கக்கூடிய மருந்து அது. கொடுக்க மாட்டேன் என்று அவரிடம் நீயே சொல்லிவிடு, என்மேல் கோபம் வேண்டாம்.

சாப்பாடு. வள்ளங்கள் கடலுக்குப் போகாததால் நல்ல மீன் இல்லை. அதனால் தினமும் கருவாடும் கஞ்சியும் ஊறுகாயும்தான் ஓடுகிறது. பிரஷர்காரிக்கு இதைவிடக் கெடுதல் இல்லை. வெந்நீரில் இரண்டு தடவை ஊறவைத்து ஊற்றிவிட்டாலும் கருவாட்டில் உப்பு முழுக்கப் போகாது. வாரத்தில் ஒரு நாளோடு நிறுத்தட்டும். ரேஷனில் ஆயிரம் ரூபாயோடு துவரம்பருப்பும் கொடுக்கிறார்கள். பருப்பு, சிறுபயறு, முட்டை, முருங்கையிலை எல்லாம் வீட்டிலேயே இருக்கிறதே. மரச்சீனிக் கிழங்கு அவித்தால் அன்றைக்குச் சோற்றைக் குறைக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை பாயும். கருப்பட்டிக் காப்பியில் சர்க்கரை இல்லை என்று அம்மை சாதிக்கிறாள். அதுவும் சர்க்கரைதான் மக்கா, நிறம் மட்டும்தான் வேறு.

விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, உலர வேண்டும். மட்டிப்பழம் உரித்த கையோடு பார்த்தால் இல்லாத சர்க்கரையைக் காட்டும். சானிடைசர் ஈரத்தோடு பார்த்தாலும் கணக்கு கெடும். ஸ்டிரிப் டப்பாவின் மூடியை உடனே அடைக்கணும், நம்மூர் ஈரக்காற்றில் கெட்டுப்போகும். 70-க்குக் கீழே போனாலோ, வியர்த்துக் கை நடுங்கினாலோ, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு போடுகிறவள் காய்ச்சல் வந்து சாப்பிடாமல் படுத்தால் இந்தத் தாழ்வுதான் முதலில் வரும். சாப்பாடு இறங்காத நாளில் மாத்திரையைக் கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் இன்னொரு சர்க்கரை மாத்திரையான மெட்பார்மினுக்கும் அதே கேள்வி.

நீ அனுப்பின இன்னொரு உபதேசம், காய்கறியைச் சோப்புத் தண்ணீரில் கழுவுவது. வேண்டாம். வெண்டைக்காயிலும் கீரையிலும் சோப்பு தங்கினால் வயிறு கெடும். ஓடுகிற தண்ணீரில் கழுவினால் போதும், கழுவினவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இந்தக் கிருமியின் மேல்தோல் கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கிழித்துவிடும். பெருவிரல் அடி, நகக்கண், விரல் இடுக்கு எல்லாம் தேய்த்து 20 வினாடி. வீட்டில் சோப்பும் கிணற்றுத் தண்ணீரும் இருக்கும்போது சானிடைசர் எதற்கு? அதைத் தேய்த்த ஈரக்கையோடு அடுப்புப் பக்கம் போனால் தீப்பிடிக்கும். 200 மில்லிக்கு நூறு ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று அரசு சொல்லியும் அதற்கு மேல் வாங்குகிற கடைகள் இருக்கின்றன. எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கதவுக் கைப்பிடி, சுவிட்ச் இவற்றைத் துடைக்க ஒரு லிட்டர் தண்ணீருக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி, சுமார் 3 கிராம், பிளீச்சிங் பவுடர் போதும். பிளாஸ்டிக் வாளியில், வெளியே முற்றத்தில் வைத்துக் கரைக்கணும். சுண்ணாம்பு அடியில் தங்கினதும் தெளிவை எடுத்து, துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, 10 நிமிடம் விட்டு வெறும் தண்ணீரில் துடைக்க வேண்டும். சுவிட்சுக்கு மெயினை அணைத்த பிறகுதான். முதலில் சோப்பால் அழுக்கை எடுக்காவிட்டால் பிளீச்சிங்கின் சக்தியை அழுக்கே தின்றுவிடும். கட்டி தட்டி வாசனை போன பவுடர் வேலை செய்யாது. கரைத்தது அன்றைக்கு மட்டும். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டோடு இது சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். ஆள்மேல் தெளிக்கவும் கூடாது. திருப்பூர்ச் சந்தை வாசலில் வைத்த மாதிரி நம் முக்கிலும் தெளிக்கிற பந்தல் வைக்கலாம் என்று இங்கே பேச்சு, அது கண்ணுக்கும் தோலுக்கும்தான் கேடு.

இனி சொல்வதுதான் எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது. அண்ணன் திருவனந்தபுரத்தில் மாட்டிக்கொண்டான், நீ அங்கே. வீட்டில் மைனியும் இரண்டு பிள்ளைகளும் அம்மையும். காய்ச்சல் வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

தெற்குச் சாய்ப்பு அறையை ஒழிக்கச் சொல். இரண்டு பக்கம் ஜன்னல், பக்கத்திலேயே குளிமுறி. ஜன்னல்கள் பகல் முழுக்கத் திறந்திருக்கட்டும். கதவில் பட்டாலும் பையில் பட்டாலும் பயப்படுகிறோம், ஆனால் பக்கத்தில் இருந்து இருமுகிற ஆள்தான் பெரிய ஆபத்து. பழைய மல்வேட்டியை மூன்று மடிப்பாக்கி 9-க்கு 6 அங்குலத்தில், மடிப்புகள் கீழ்நோக்கி இருக்கும்படி மைனி மாஸ்க் தைக்கட்டும், ஆளுக்கு மூன்று. வெளிச்சத்தில் பிடித்தால் எதிர்ப்பக்கம் தெரியக் கூடாது, ஆனால் மூச்சும் முட்டக் கூடாது. தினமும் சோப்பில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். காய்ச்சல்காரரைப் பார்ப்பது ஒரே ஆளாக இருக்கட்டும், பிள்ளைகள் வாசலோடு நிற்கட்டும். ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்குச் சுகம் கொடுக்கும், கிருமியைக் கொல்லாது. கொதிக்கிற பானையை அம்மை மடிப்பக்கம் வைக்க விடாதே.

காய்ச்சல் 100.4 டிகிரிக்கு மேல் இருந்தால் பாரசிட்டமால் 500, ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. நாளுக்கு நான்குக்கு மேல் டாக்டரைக் கேட்காமல் கூடாது. சளி மாத்திரைகளிலும் பாரசிட்டமால் இருக்கும், அதையும் கணக்கில் சேர்க்கணும். வயதானவர்களுக்குக் காய்ச்சலே வராமலும் இருக்கலாம். சாப்பாட்டை ஒதுக்குவது, பேச்சு குழறுவது, ஆள் அடையாளம் தடுமாறுவது, இவையே அடையாளமாக இருக்கும்.

மூச்சை எண்ணத் தெரிந்தால் பாதி பயம் போகும். அம்மை சும்மா படுத்திருக்கும்போது, சொல்லாமல், வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் மூச்சை மாற்றிவிடுவாள். 12-லிருந்து 20 வரை சரி. 24-க்கு மேல் போனால் டாக்டருக்கும் 104 சுகாதார உதவி எண்ணுக்கும் போன். 30 என்றாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சு போதாமல் நிறுத்தினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ யாரையும் கேட்க வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டு ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரி. "நாளைக்குப் பார்ப்போம்" என்பது அப்போது கிடையாது. பல்ஸ் ஆக்சிமீட்டர் கிடைத்தால் நல்லது, 94-க்குக் கீழே என்றால் போன். மருதாணி இல்லாத, குளிராத விரலில் வைக்க வேண்டும்.

ஒரு பை தயாராக இருக்கட்டும்: மாத்திரைச் சீட்டு, காலி அட்டைகள், காலண்டரில் எழுதின பிரஷர் கணக்கு, ஆதார், கண்ணாடி, போன் சார்ஜர், இரண்டு சேலை. கூடப் போக நான் இருக்கிறேன், அதில் உனக்குச் சந்தேகம் வேண்டாம். ஆனால் வார்டுக்குள் கூட விடமாட்டார்கள். டாக்டர் முடிவு கேட்டால் பதில் சொல்கிற ஆள் யார் என்று நீயும் அண்ணனும் பேசி ஒரே பெயராக எனக்குச் சொல்லுங்கள். இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னால் மைனிதான் நடுவில் அழுவார்.

நாளை பெரிய வெள்ளி, மேலத்தெரு கோயிலிலும் ஆளில்லாமல்தான் ஆராதனை. உன் அறையில் எத்தனை பேர், நீ போடுகிற ஆஸ்துமா பம்பு எத்தனை வாரத்துக்கு இருக்கிறது என்பதை எழுது. இன்று ராத்திரியே அம்மையைக் கூப்பிட்டு மாத்திரை விஷயத்தைச் சொல்லிவிடு, அதற்கு முன்னால் மைனியிடம் ஸ்பீக்கரை அணைக்கச் சொல்.

உன் கூட்டாளி