திறக்காமல் வைத்திருக்கும் கால்சியம் டப்பா

தக்கலை,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்பு மகளுக்கு,

நீ தோகாவிலிருந்து அனுப்பிய இரண்டு டப்பாக்களும் பத்திரமாக வந்து சேர்ந்தன. ஒவ்வொரு மாத்திரையிலும் 600 மில்லிகிராம் கால்சியமும் அதனுடன் வைட்டமின் டியும் இருப்பதாக மேலே அச்சிட்டிருக்கிறார்கள். அம்மா இன்னும் அதைத் திறக்கவில்லை என்று அப்பா சொன்னதும், நீ மறுபேச்சுப் பேசாமல் போனை வைத்துவிட்டாயாம். உன் வருத்தம் எனக்குப் புரிகிறது, மக்களே. போனில் இதை விளக்க முயன்றால் பாதியில் எனக்கு மூச்சு வாங்கிவிடும்; நாளைக் காலை மறுபடியும் டயாலிசிஸ். ஆகவே இன்றே உட்கார்ந்து எழுதுகிறேன்.

அம்மாவுக்கு எலும்பு வலி, ரத்தத்தில் கால்சியம் குறைவு, வைட்டமின் டியும் குறைவு. ஆகையால் இரண்டையும் வாங்கி அனுப்புவோம், காலை வெயிலில் அரை மணி நேரம் உட்காரச் சொல்வோம், இரண்டு வேளை பால் குடிக்கச் சொல்வோம் என்று நீ நினைத்தாய். சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும் ஒருவருக்கு நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

பூதப்பாண்டியில் உன் தாத்தாவின் வயல் உனக்கு நினைவிருக்கும். அறுத்து வந்த நெல்லை அவித்து, முற்றத்தில் உலர்த்தி, பிறகு மில்லுக்குக் கொண்டுபோய்க் குத்தினால்தான் அது அரிசியாகும். வைட்டமின் டியும் அப்படித்தான். வெயில் பட்டுத் தோலில் உண்டாவதும், சாளை போன்ற மீனிலிருந்து கிடைப்பதும் வெறும் நெல். கல்லீரல் அதை ஒருமுறை மாற்றுகிறது. பரிசோதனைக் கூடத்தில் வைட்டமின் டி என்று அளந்து தருவது பெரும்பாலும் இந்த அவித்த நெல்லைத்தான். குடலிலிருந்து கால்சியத்தை உறிஞ்ச வைக்கும் முழு ஆற்றலுள்ள வடிவமாகிய கால்சிட்ரியால், அதன் பிறகு சிறுநீரகத்தில்தான் பெரும்பாலும் உருவாகிறது. அந்தக் கடைசி மாற்றம் சிறுநீரகத்தில் நடப்பதை 1970ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் ஃபிரேசரும் கோடிசெக்கும் கண்டறிந்தார்கள். என் உடம்பில் அந்த மில் ஏறக்குறைய பூட்டிக் கிடக்கிறது, மக்களே. வாசலில் இன்னும் பத்து மூட்டை நெல்லை இறக்கினாலும் அரிசி வராது. கன்னியாகுமரி வெயில் முழுவதும் என் மேல் விழுந்தாலும் இதில் மாற்றமில்லை.

நெல் வேண்டவே வேண்டாம் என்று இதற்குப் பொருள் அல்ல. சென்ற ஆண்டு என் ரத்தத்தில் அந்த அவித்த நெல்லின் அளவு மில்லிலிட்டருக்கு 18 நானோகிராமாக இருந்தபோது, டாக்டர் தனியாக மருந்து தந்து அதை 30க்கு மேல் கொண்டுவந்தார். அதன் பிறகும் எலும்பு வலி நிற்காததால்தான், மில்லின் வேலையை முடித்துத் தயாராக வரும் கால்சிட்ரியாலை மிகச் சிறிய அளவில், 0.25 மைக்ரோகிராம் என்ற கணக்கில், சேர்த்திருக்கிறார்.

இனி நான் முப்பத்தொரு ஆண்டுகள் பிளஸ் டூ மாணவர்களுக்குப் பாடம் நடத்திய அந்த நான்கு சுரப்பிகளுக்கு வருகிறேன். கழுத்தில் தைராய்டுக்குப் பின்புறம், ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணியளவில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகளைத்தான் சொல்கிறேன். 1849இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் இறந்துபோன இந்தியக் காண்டாமிருகம் ஒன்றின் உடலை ஆராய்ந்தபோது ரிச்சர்ட் ஓவன் இதை முதலில் கண்டதையும், மனிதரில் இதை ஸ்வீடனின் உப்சாலாவில் மருத்துவ மாணவராக இருந்த சாண்ட்ஸ்ட்ரோம் 1880இல் விவரித்ததையும் ஒவ்வொரு வகுப்பிலும் ஆர்வமாகச் சொல்வேன். கரும்பலகையில் நான்கு புள்ளிகள் வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போன எனக்கு, அந்தப் புள்ளிகள் என்ன செய்யும் என்பது இப்போதுதான் எலும்பில் தெரிகிறது.

ரத்தத்தில் கால்சியம் சற்றுக் குறைந்தாலும் அவை பாராதைராய்டு ஹார்மோனை, அதாவது பி.டி.எச்.சைச் சுரக்கும். அந்த ஹார்மோன் எலும்பிடம் கால்சியத்தை விடுவிக்கச் சொல்லும். சிறுநீரகத்திடம் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, சாப்பாட்டிலிருந்து வந்து சேரும் பாஸ்பேட் என்ற உப்பை வெளியேற்றச் சொல்லும். வைட்டமின் டியின் கடைசி மாற்றத்தை விரைவாகச் செய்யவும் சிறுநீரகத்துக்கே சொல்லும். சிறுநீரகம் செயலிழந்த உடம்பில் இந்த உத்தரவுகளைக் கேட்டு நடப்பதற்கு மிஞ்சியிருப்பது எலும்பு மட்டுமே. குடலிலிருந்து கால்சியம் போதிய அளவு வராததால் சுரப்பிகள் ஓயாமல் ஹார்மோனை அனுப்ப, எலும்பு ஓயாமல் கொடுத்துக்கொண்டே தேய்கிறது. உடம்பில் இருக்கும் ஏறக்குறைய ஒரு கிலோ கால்சியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது என்பதால், கொடுக்க அதனிடம் நிறையவே இருக்கிறது. ஆகவே ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாக இருந்துகொண்டே எலும்பு கெட்டுப்போகவும் கூடும். சாதாரணமாக 65க்குள் இருக்க வேண்டிய பி.டி.எச். எனக்கு மார்ச் மாதத்தில் 1140 இருந்தது.

இதற்கெல்லாம் அடியில் கிடப்பது பாஸ்பேட். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. நோயாளிகள் பலரும் கேட்பதில்லை. சிறுநீரகம் மெல்லப் பழுதாகத் தொடங்கும்போதே, பாஸ்பேட்டை வெளியேற்றுவதற்காக எலும்பு செல்கள் எஃப்.ஜி.எஃப். 23 என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கின்றன. அந்த ஹார்மோன் சிறிது காலம் பாஸ்பேட்டைக் கட்டுக்குள் வைக்கிறது. ஆனால் அதே ஹார்மோன் சிறுநீரகத்தில் கால்சிட்ரியால் உண்டாவதையும் குறைத்துவிடுகிறது. ஆகவே பரிசோதனைத் தாளில் பாஸ்பேட் ஏறித் தெரிவதற்குப் பல காலம் முன்பே கேடு தொடங்கிவிடுகிறது. டயாலிசிஸில் நான்கு மணி நேரம் படுத்திருந்தால் சுமார் 800 மில்லிகிராம் பாஸ்பேட்தான் போகும். வாரத்தில் மூன்று முறை மட்டும் செய்யும் எனக்கு, சாப்பாட்டில் வருவதை அது ஈடுகட்டாது. அதனால்தான் சாப்பாட்டிலேயே பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும் செவலமர் மாத்திரையைத் தந்திருக்கிறார்கள்.

அந்த மாத்திரையில் நான் செய்த தவறை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. காலை ஆறு மணிக்கு எல்லா மாத்திரைகளையும் ஒன்றாக விழுங்கிவிட்டு, எட்டரை மணிக்குப் புட்டும் பயறும் சாப்பிடுவதை ஐந்து மாதம் வழக்கமாக வைத்திருந்தேன். செவலமர் குடலில் சோற்றோடு சேர்ந்து இருந்தால்தான் பாஸ்பேட்டைப் பற்றும். வெறும் வயிற்றில் போட்டால் பயனில்லை. பாஸ்பேட் 7.6க்கு ஏறியது, உடம்பெல்லாம் அரிப்பு, இரவில் தூக்கமில்லை. டயாலிசிஸ் அறையில் ஊசி குத்தும் செவிலியர் பெண், உன் வயதுதான் இருக்கும், “டீச்சர், மாத்திரையை எந்த நேரத்தில் போடுகிறீர்கள்?” என்று ஒருநாள் கேட்டபோதுதான் வெளிப்பட்டது. இப்போது இலையில் சோறு விழுந்த பிறகே மாத்திரையைக் கையில் எடுக்கிறேன். பாஸ்பேட் 5.3க்கு இறங்கியிருக்கிறது. இதை எந்த டாக்டரும் முதல் நாளிலேயே நோயாளியின் கண்ணைப் பார்த்து இரண்டு முறை சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இப்போது உன் டப்பாவுக்கு வருகிறேன். பாஸ்பேட் கூடியிருக்கும் ரத்தத்தில் கால்சியத்தையும் கூட்டினால், அது எலும்புக்குத்தான் போகும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ரத்தக் குழாய்களின் சுவரிலும் இதய வால்வுகளிலும் படிந்து அவற்றை விறைக்கச் செய்துவிடும். எனக்கு எடுத்த எக்ஸ்ரேயில், வயிற்றின் பெரிய ரத்தக் குழாய் ஓரமாக, சாக்கட்டியால் இழுத்த மெல்லிய கோடு போல அது தெரிந்தது. டாக்டர் காட்டியபோது உன் அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கால்சிட்ரியாலும் குடலிலிருந்து கால்சியத்தோடு பாஸ்பேட்டையும் கூடுதலாக உறிஞ்ச வைக்கும் மருந்து. அதனால்தான் டாக்டர் அதன் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு மாதமும் ரத்தம் பார்க்கிறார். அதற்கு மேல் தினமும் 600 மில்லிகிராமை நான் தெரியாமல் சேர்த்தால், அவர் போடும் கணக்கு முழுவதும் தவறிவிடும்.

பி.டி.எச்.சை அறவே ஒழித்துவிடவும் கூடாது. அது மிகவும் குறைந்துவிட்டால் எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளாமல் செயலற்றுக் கிடக்கும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இயல்பான மேல் அளவைப் போல இரண்டிலிருந்து ஒன்பது மடங்குவரை ஏற்கலாம் என்பது இப்போதைய வழிகாட்டுதல். என் கணக்கில் ஏறக்குறைய 130க்கும் 600க்கும் இடையில். சென்ற மாதம் 780 வந்தது. இறங்காவிட்டால் சினகால்செட் தொடங்கலாம் என்கிறார் டாக்டர். அது சுரப்பிகளுக்குக் கால்சியத்தை நுட்பமாக உணர்த்தி அடக்கும் மருந்து. பல ஆண்டுகள் கவனிக்காமல் விட்டால் சுரப்பிகள் பெருத்து, எந்த மருந்துக்கும் கட்டுப்படாமல் அறுவைச் சிகிச்சைவரை போகும். நாம் அந்த நிலைக்கு வரவில்லை.

பாலை அரைத் தம்ளராகக் குறைத்திருக்கிறேன். நெத்திலிக் கருவாட்டை நிறுத்திவிட்டேன். முள்ளோடு மெல்லும்போது நேராகப் பாஸ்பேட்டைத்தான் மெல்லுகிறோம். மீன் கறியை விடவில்லை, புரதம் குறைந்தால் டயாலிசிஸ் தாங்காது. குழந்தைகள் வரும்போது வாங்கும் கோலா பாட்டில்களும் பாக்கெட் இறைச்சியும் மட்டும் இந்த வீட்டுக்குள் வேண்டாம். அவற்றில் தனியாகச் சேர்க்கும் பாஸ்பேட், பயறில் உள்ளதைவிட மிகுதியாக ரத்தத்தில் ஏறிவிடும்.

நீ ஊருக்கு வரும் டிசம்பரில் அடுத்த பி.டி.எச். முடிவு வந்திருக்கும். அன்று டாக்டரைப் பார்க்க நீயும் உடன் வா. கேள்விகளை நீயே கேட்கலாம். டப்பாவை வீணாக்க எனக்கு மனமில்லை. மார்த்தாண்டத்து அத்தைக்குச் சிறுநீரகக் கோளாறு ஏதும் இல்லை. எலும்புத் தேய்வுக்காக அவளுடைய டாக்டர் இதே அளவு மாத்திரையை எழுதிக் கொடுத்திருக்கிறார். உனக்குச் சம்மதமானால் அவளிடம் கொடுத்துவிடுகிறேன். பதில் எழுது.

அன்புடன்,
அம்மா